பொத்தென்ற சத்தம்

"இன்னொரு தடவை தட்டு."

"அக்கா, கையே மரத்துப் போச்சு. நீ படகு வாங்க வந்தியா, இல்ல என்னைத் தாளம் போட வைக்க வந்தியா?"

"வாயை மூடிட்டுத் தட்டுடா. இப்ப காதுக்குத்தான் வேலை."

தம்பி அலுத்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் படகின் வலப்பக்கத்து முன்புறத்தில் தட்டினான். பொத். ஒரு சாண் தள்ளித் தட்டினான். பொத். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

அவன் பேக்கரி வைத்திருப்பவன். ரொட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டி, வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. அதற்காகத்தான் அக்கா அவனை மாவுக் கையோடு இழுத்து வந்திருந்தாள். அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். விடுமுறை நாட்களில் விசைப்படகுப் பந்தயம். போன வருடம் பளபளப்பில் மயங்கி ஒரு பழைய படகை வாங்கினாள். என்ஜினைத் தாங்கும் பின்பலகை உள்ளுக்குள் உளுத்துக் கிடந்தது தெரியவில்லை. பந்தயத்தின் முதல் திருப்பத்திலேயே பலகை பிளந்து படகு தண்ணீருக்கடியில் போய்விட்டது. அன்றிலிருந்து துறைமுகத்தில் அவள் பெயர் 'நீர்மூழ்கி'. கிரேனில் ஏறினால்கூட, "நீர்மூழ்கி மேல போகுது, ஓரமா நில்லுங்கடா" என்று கீழேயிருந்து குரல் வரும். அதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைத் தள்ள முடியாது. இந்த முறையும் ஏமாந்தால் பந்தயம் என்ற பேச்சே கிடையாது என்பதுதான் அந்த வாக்கு.

இன்று இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. டிரெய்லரில் படகு நின்ற கொட்டகைக்குள் நுழைந்ததும் அவள் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்து நோயை மறைக்கும் வேலை இங்கே நடக்கவில்லை. என்ஜின் கொதிக்காமலிருக்கக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சாவியைத் திருகியதும் இருமாமல் கிளம்பியது. எண்ணெய் தண்ணீர் கலந்து பால் நிறத்துக்கு வெளுத்திருக்கவில்லை. பின்பலகை டக் டக் என்று கெட்டியாகப் பதில் சொன்னது. அவள் மனம் அதற்குள் பாதிக் கடலைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் இந்தப் பொத்.

"நான் எதுலயும் முட்டினதே இல்லைங்க," என்றார் படகை விற்க வந்த பல் டாக்டர். "பாதி வேகத்துக்கு மேல போனதே இல்லை. பயம்."

அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. ஆனால் படகின் உடம்பு இரண்டு தோலுக்கு நடுவில் லேசான திணிப்பு வைத்துச் செய்யப்பட்டது. தண்ணீர் உள்ளே புகுந்து தோல் பிரிந்துபோனால் இப்படித்தான் சத்தம் செத்துப்போகும்.

"போலாம்க்கா," தம்பி மெதுவாகச் சொன்னான். "இது வேகாத ரொட்டி."

அவள் எழுந்தாள். கையைத் துடைத்தாள். கொட்டகை வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். இடப்பக்கம் அதே இடத்தில் டக்கென்று கேட்கிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் உள்ளே என்ன?

ஏணியில் ஏறி, முன்புற அறையின் சின்னக் கதவைத் திறந்து, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தாள். கால்கள் மட்டும் வெளியே ஆடின. அடுத்த நொடி உள்ளிருந்து ஒரு கத்தல்.

"டேய்! இந்த லைஃப் ஜாக்கெட்டையெல்லாம் இங்க திணிச்சது யாரு?"

"நான்தான். தரை முழுக்கக் கிடந்துச்சு, நீ பார்க்க வசதியா இருக்கட்டும்னு..." தம்பியின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

நனைந்து கனத்த ஜாக்கெட்டுகள் வலப்பக்கச் சுவரோடு சுவராக அமுக்கப்பட்டு, சத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அவன் தலையை நோக்கிப் பறந்து வந்தன.

"தட்டு!"

டக். இன்னும் கொஞ்சம் தள்ளி, டக். படகின் மூக்குவரைக்கும் டக் டக் டக்.

"நல்லா வெந்திருக்குக்கா," என்றான், அசடு வழிய.

"உன்னை அப்புறம் வேக வைக்கிறேன்."

டிரெய்லரைச் சரிவில் இறக்கிப் படகைத் தண்ணீரில் விட்டார்கள். தம்பி கரையிலேயே நின்றுகொண்டான். டாக்டர் பக்கத்து இருக்கையில் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். துறைமுக வாயைத் தாண்டியதும் அவள் வேகக் கைப்பிடியை முன்னே தள்ளினாள். படகு மூக்கைத் தூக்கி, யோசித்து, பிறகு சட்டெனத் தாழ்ந்து, அலைகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியது. காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. எதிரே சிவப்பு மிதவை. ஒரு திருப்பம். உடம்பு முழுவதும் அந்தப் பழைய பிளவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. வேகத்தைக் குறைக்காமல் சக்கரத்தைத் திருப்பினாள். படகு ஒரு தோளைத் தண்ணீரில் சாய்த்து, மிதவையை உரசுவதுபோல வளைந்து, ஒரு முனகல் இல்லாமல் நிமிர்ந்தது.

அவள் கத்தினாள். என்ன சொல்லிக் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. இன்னொரு முறை திரும்பினாள். வேண்டுமென்றே இன்னும் இறுக்கமாக. பிறகு நிறுத்தி, தரைப்பலகையைத் தூக்கி அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

"எடுத்துக்கிறேன் டாக்டர்," என்றாள், மூச்சு வாங்க. "ஞாயித்துக்கிழமை இதுலதான் இறங்குறேன். ஜெயிக்கிறேன்."

டாக்டரின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. கைகள் இன்னும் கம்பியை விடவில்லை. கரையில் தம்பி ஒரு ஜாக்கெட்டைக் கொடிபோலச் சுழற்றிக் குதித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மத்தவங்க கத்தித்தான் பழக்கம்," என்றார் அவர். "இன்னைக்குத்தான் நான் கத்தினேன். இந்தப் படகு இப்படிப் போகும்னே தெரியாதுங்க எனக்கு." கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "பந்தயத்துல பக்கத்து சீட்டுக்கு ஒரு ஆள் வேணும்ல? எனக்கு ஒண்ணும் தெரியாது, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்காரத் தெரியும். ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"