மூன்று முறை காணாமல் போன கடைசிப் பத்தி

1

என் சிறுகதை ஒன்றின் கடைசிப் பத்தி மூன்று முறை காணாமல் போனது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கதை. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திரையின் வெளிச்சத்தில் அவள் முகம் ஒரு...’ வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.

2

அக்கா நீதிமன்றத்தில் தட்டச்சர். எழுதுவதற்கான புது மென்பொருள் ஒன்று வெள்ளிக்கிழமை விற்பனைக்கு வரவிருந்தது. அதற்குள் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்லும் நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் நாலு வரி தட்டிவிட்டு, ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அப்படி ஒப்பேற்றத் தெரியாது. தம்பி கையால் எழுதிவைத்திருந்த கதையை முழுதாக அடித்தாள்.

(அந்தத் தம்பி நான்தான். அவன் நடந்துகொண்ட லட்சணத்துக்கு ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

மறுநாள் திறந்தால் கடைசிப் பத்தி இல்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் இல்லை. மூன்றாம் முறை தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என் முடிவு உனக்கு என்னைக்குப் பிடிச்சிருக்கு? பிடிக்கலைன்னா சொல்லு. அழிக்காத.”

“பிடிக்கலைதான். அதுக்காக அழிப்பேனா? அடுத்தவங்க எழுதினதுல ஒரு கமாவைக்கூடத் தொட்டதில்லடா நான்.”

தம்பி நம்பவில்லை.

3

அக்கா இதைக் குறையாக எழுதி அனுப்பினாள். மென்பொருளின் தலைமை நிரலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். “மேடம், நாப்பது பேர்ல உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது. கைதவறி அழிச்சிருப்பீங்க.”

இருபத்தாறு வருட வேலையில் யாரும் அவளிடம் சொல்லாத சொல். சுருக்கென்று தைத்தது. (இங்கே அவளை அழவைத்திருந்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. நீக்கிவிட்டேன்.)

தன் விரல்களையே கவனித்தபடி மீண்டும் மீண்டும் அடித்துப் பார்த்தாள். பிடிபட்டது. எப்போதோ மின்சாரம் போய் ஒரு தீர்ப்பு முழுவதும் அழிந்த நாளிலிருந்து, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் ஒருமுறை சேமிப்பது அவள் வழக்கம். குட்டி வாக்கியங்கள் வந்தால், ஒரு சேமிப்பு முடியும் முன்பே அடுத்ததை அழுத்திவிடுவாள். அந்த நெரிசலில் மென்பொருள் அந்தப் பத்தியைத் தவறவிட்டது. தம்பியின் கடைசிப் பத்தி முழுக்கக் குட்டி வாக்கியங்கள்தான்.

வியாழக்கிழமை ஆறு நிரலாளர்கள் காணொளி அழைப்பில் பார்த்திருக்க, அக்கா அடித்தாள். மூடினாள். திறந்தாள். பத்தி இல்லை.

“மேடம்... இன்னொரு தடவை செய்ய முடியுமா?”

“எத்தனை தடவை வேணும்னாலும். என் கை தவறாது சார்.”

வெளியீடு பத்து நாள் தள்ளிப்போனது. ஆறு நிரலாளர்களைக் கட்டிப்போட்டவள் என் அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4

முடிவு ஒன்று: நிரலாளர் மன்னிப்புக் கேட்கிறார். (கேட்டார். கதைக்கு அது போதாது.)

முடிவு இரண்டு: மென்பொருளின் நன்றிப் பட்டியலில் அக்கா பெயர் முதலில் வருகிறது.*

முடிவு மூன்று: தம்பி அக்காவிடம் போய், ‘நான்

இல்லை. தம்பியை இனி அனுப்ப முடியாது. அக்கா, உன்னைச் சந்தேகப்பட்டவன் நான். தப்பு என்னுடையது.

* பதினேழாவதாக வந்தது. அதை அச்சிட்டு, அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

5

இதை அந்த மென்பொருளில்தான் எழுதுகிறேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசி வரைக்கும் படித்தாள்.

“மன்னிப்பெல்லாம் சரி. முடிவுதான் வழக்கம்போல சொதப்பல். படிக்கிறவங்களே எழுதிக்கட்டும், விடு.”

விட்டுவிட்டேன். கீழே உள்ள இடம் உங்களுடையது. குட்டிக் குட்டி வாக்கியமாக எழுதுங்கள். புள்ளிக்குப் புள்ளி சேமியுங்கள், எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும். ஒரு எழுத்தும் போகாது. என் அக்கா பார்த்துக் கொடுத்தது.