பொய்க் கூட்டல்

சிப்பின் பரப்பு ஒரே நாளில் கால்வாசி குறைந்துவிட்டதில் குழுத் தலைவர் லூட்மிலுக்குத் தலைகால் புரியவில்லை. பிளோவ்திவின் நல்ல கடையாகப் பார்த்துத் தட்டு நிறைய பானிட்சா, அதாவது பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பணியாரம், வாங்கி வந்தார். தானும் ஒரு துண்டு தின்று, அதற்கு ஈடாக இடுப்பிலிருந்த இன்சுலின் பம்பை அழுத்திக்கொண்டார். ஓட்டைப் பம்பு, அடிக்கடி மக்கர் பண்ணும். அதற்கு அடுத்த மாடலில் பொருத்தத்தான் இந்தச் சிப். பம்புக்குக் கம்பியில்லாமல் கட்டளை போடுவது டாக்டரா, வேறு எவனாவதா என்று அது கண்டுபிடிக்க வேண்டும். சாயங்காலம் வரைபடம் தொழிற்சாலைக்குப் போகிறது.

"சாப்பிடு தாயே! உன் மின்சுற்றுதானே இளைச்சிருக்கு?"

சுற்றை வடிவமைத்த சோர்னிட்சா தட்டைத் தொடவில்லை. "நான் ஒரு வரிகூட மாத்தல. நான் எழுதுறதைச் சுற்றா மாத்துற மென்பொருளோட புதுப் பதிப்பு மட்டும்தான் போட்டோம். சும்மா இளைக்குமா?"

"நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே!"

அவள் விடுகிற ஆளா? உட்கார்ந்து தேடினாள். கட்டளை போடுகிற ஆளைச் சரிபார்க்க, சிப்புக்குள் இருக்கும் ரகசிய எண்ணை இலக்கம் இலக்கமாக எடுத்து, வளைகோட்டின் மேல் ஒரு புள்ளியை இரட்டித்து இரட்டித்துப் போகிற கணக்கு அது. அந்த எண்ணில் ஒன்று வந்தால் இரட்டிப்போடு ஒரு கூட்டலும் உண்டு. பூஜ்யம் வந்தால் கூட்டல் தேவையில்லை; ஆனாலும் பொய்யாக ஒன்று போட்டு விடையை வீசிவிடுவாள், சிப் இழுக்கும் மின்சாரத்தை வேவு பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதென்று. மகா புத்திசாலி மென்பொருள்! யாரும் தொடாத விடை எதற்கு என்று பொய்க் கூட்டலையே கழற்றி எறிந்திருந்தது.

"கணக்கு சரியா வருதில்ல? அப்புறம் என்ன?" லூட்மிலின் குரல் உயர்ந்தது. "என் வயித்துப் பக்கத்துல எவன் கருவி வச்சுப் பார்க்கப் போறான்?"

"பஸ்ல ஒட்டி நிக்கிறவன். பையில ஒரு கம்பிச்சுருள் போதும். நம்பலையா? இதே சுற்று ஓடுற சோதனைப் பலகையில ரகசிய எண்ணா ஒண்ணைப் போடுங்க. எனக்குக் காட்டாதீங்க."

அவர் முதுகால் மறைத்துக்கொண்டு தட்டினார். திரையில் மின்சாரத்தின் மேடுகள் ஓடின, சில குட்டை, கூட்டல் நடந்த இடமெல்லாம் நெட்டை. சோர்னிட்சா விரலை வைத்து வாசித்தாள். "ஒண்ணு. பூஜ்யம். பூஜ்யம். ஒண்ணு. ஒண்ணு. பூஜ்யம்..."

லூட்மிலுக்கு முகம் வெளுத்தது. கை தானாக இடுப்புக்குப் போனது.

"போதும், நிறுத்து!"

"இன்னும் முடியல."

"நிறுத்துங்கறேன்ல!" தொழிற்சாலைக்கு அவரே போன் போட்டார். "இன்னிக்கு அனுப்பல. தெரியும்யா, இன்னிக்கு விட்டா அடுத்த முறை வசந்தத்துலதான். அனுப்பலன்னா அனுப்பல."

சோர்னிட்சா அதற்குள் பழைய சுற்றை அழிக்க ஆரம்பித்திருந்தாள். பொய்யே வேண்டாம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரட்டிப்பு, கூட்டல் இரண்டின் விடையும் அடுத்த படிக்கு உண்மையாகவே தேவைப்படுகிற மாதிரி எழுதினால், எந்த மென்பொருள் எதைக் கழற்றும்? பார்த்துவிடலாம்.

திடீரென்று எழுதுவதை நிறுத்தி அவர் இடுப்பைப் பார்த்தாள். "லூட்மில், வசந்தம் வரைக்கும் உங்க பம்பு தாங்குமா?"

"தாங்கலன்னா ஊசி குத்திக்கிறேன்," என்றார் அவர், நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டே. "நீ எழுது."