ஊருக்குச் சொன்ன ஹெர்னியா

சந்தோஷ்குமாருக்கு வந்திருப்பது ஹெர்னியா என்று செவிலிமேட்டில் தெருவுக்கே தெரியும். கேன்சர் என்பது அவனுக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஹெர்னியா என்று சொன்னது மாமா துரைக்கண்ணுவின் யோசனை. வார்டு தேர்தலில் இரண்டு முறை நின்று ஒரு முறை ஜெயித்தவர். எதை எப்படிச் சொன்னால் எடுபடும் என்று அறிந்தவர்.

"இருபத்தஞ்சு வயசுப் பையன். பொண்ணு பேசிக்கினு இருக்கோம். விதையில கேன்சர்னு சொன்னா எவன் படியேறுவான்? ஹெர்னியான்னு சொல்லு. தையலும் அதே எடம்தான்."

அம்மா அம்சாவுக்கு அண்ணன் பேசும்போது பேசிப் பழக்கமில்லை.

ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து வீட்டுக்கு அறிவுரை வரத் தொடங்கியது. பெல்ட் போடு. முக்காதே. வாழைக்காயைத் தொடாதே. எதிர்வீட்டு ரம்ஜான் பீ, "தறிக்குழியில எறங்கிடாத பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். அவன் ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனியில் ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்பவன். தறியில் உட்கார்ந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். உண்மையில் வந்த நோயைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் இல்லை. போனில் தேடினால் முதல் பக்கம் பயப்படாதே என்றது. அடுத்தது லேகியம் விற்றது. அதற்கடுத்தது, அவன் வயது நோயாளிகள் கூடிப் பேசும் இடங்களைப் பட்டியல் போட்டது. எல்லாம் அமெரிக்காவில்.

டாக்டரையே கேட்டிருக்கலாம். ஆனால் அங்கும் மாமாதான் முன்னால் உட்கார்ந்தார். கோழி சாப்பிடலாமா, எப்போது வேலைக்கு அனுப்பலாம் என்று வரிசையாகக் கேட்டார். டாக்டர் சந்தோஷைப் பார்த்து, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

"பேசிக்கினு இருக்கோம் சார்" என்றார் மாமா.

"அப்படின்னா கீமோவுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"அதெல்லாம் அப்புறம் சார். மொதல்ல உயிரு."

வெளியே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் அடுத்த பைலை எடுத்துவிட்டார்.

அந்த ஒரு விஷயம் என்ன? அன்று முதல் அவனை அரித்தது அதுதான். திங்கட்கிழமை கீமோ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அருள் வந்தான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன். போன வருஷம் மனைவி துர்கா இறந்த பிறகு யார் வீட்டுக்கும் போகாதவன். ஆணியில் தொங்கிய ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எந்த மாடி?"

"மூணு."

"மூணாவதுல ஹெர்னியா பாக்க மாட்டாங்க. துர்காவ அங்கதான் வெச்சிருந்தோம்."

சந்தோஷ் உள்ளே மாமா இருக்கும் பக்கம் பார்த்தான்.

"கீமோ எப்ப?"

"திங்கக்கெழம."

"சேத்து வெச்சாச்சா?"

"எதை?"

மாமா காபியோடு வந்து நடுவில் உட்கார்ந்தார். அருள் காபியைக் குடித்தான், எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"கீமோவால விந்தணு குறையலாம். சிலருக்குத் திரும்ப வரும். சிலருக்கு வராது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்து உறைய வைக்கலாம்."

"துர்காவுக்கும் முட்டைய எடுத்து வெச்சிருக்கலாம்னு ஒரு நர்ஸ் சொன்னாங்க. மூணாவது கீமோ அன்னிக்கு."

"நான் சொல்றத நம்பாத. இது ஆஸ்பத்திரி நம்பர். கேளு."

அன்றே அந்த நம்பரில் கேட்டபோது மறுநாள் காலையில் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் முதலில் வந்தது பெண் வீடு. காவேரியின் அப்பா இளங்கோவன் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகக் கூடத்தில் உட்கார்ந்தார்.

"நானும் ஹெர்னியா பண்ணிக்கினவன்தான் மாப்ள. மூணு மாசம் தும்மக்கூட பயம்."

"ஆமாங்க" என்றான் சந்தோஷ். அப்போது போன் அடித்தது. அந்த வீட்டில் சிக்னல் கூடத்து ஜன்னலில்தான் கிடைக்கும். மாடி ஏறத் தையல் விடாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"லேப் இன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும்தான் சார். நாளைக்கு லீவு. எந்த எடத்துல கேன்சர்?"

முணுமுணுத்தான்.

"கேக்கல சார். கொஞ்சம் சத்தமா."

மாமா கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினார். போனை வை என்று பொருள். இளங்கோவன் காபி டம்ளரைப் பாதியில் நிறுத்தியிருந்தார். இன்றைக்கு விட்டால் திங்கட்கிழமை.

"விதையில மேடம்! ஒண்ண எடுத்துட்டாங்க. திங்கக்கெழம கீமோ. அதுக்கு முன்னாடி விந்து எடுத்து வெக்கணும். இப்பவே கெளம்பறேன்."

போனை வைத்தான்.

"மானத்த வாங்கிட்டியேடா" என்றார் மாமா.

இளங்கோவன் எழுந்து போய்விடுவார் என்று சந்தோஷ் நினைத்தான். அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"கேன்சரா? கீமோவெல்லாம் எதுக்கு மாப்ள? எங்க நெசவாளர் சொசைட்டியில ஒருத்தருக்கு முள்சீத்தா எலக் கஷாயத்துலயே கட்டி கரைஞ்சி போச்சி."

"எந்த டாக்டர் சொன்னாரு?" என்றான் சந்தோஷ்.

"டாக்டரா? வீடியோ வந்துது."

"ஒருத்தருக்குன்னீங்களே, அவரு பேரு இன்னா?"

"அது... வீடியோவுல இருக்குது."

"பாத்துக்கினே இருங்க. எனக்கு நேரமாவுது."

வாசலில் அருள் வாடகைக் காரோடு நின்றான். காலையிலேயே சந்தோஷ் கூப்பிட்டிருந்தான், வந்துவிட்டான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பூந்தமல்லியில் வண்டி நகராமல் நின்றபோது சந்தோஷ் கேட்டான்:

"கொழந்த பொறக்குமாடா?"

"தெரியாது."

"நல்லதா ஏதாச்சும் சொல்லித் தொலையேன்."

"எல்லாரும் சொல்லிட்டாங்க இல்ல."

சந்தோஷுக்கு எரிச்சல் வந்தது. திட்ட வாயெடுத்தான். வண்டி நகர்ந்துவிட்டது.

லேபில் லில்லி என்ற டாக்டர் இருந்தார். அவனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்.

"எண்ணிக்கை குறைவுதான். இருந்தாலும் ரெண்டு குப்பியில வெச்சிருக்கோம். கண்டிப்பா பொறக்கும்னு சொல்ல மாட்டேன். வாய்ப்பு இருக்கு. இன்னும் என்ன கேக்கணும்?"

நிறைய கேட்டான். சிலவற்றுக்குப் பதில் தெரிந்தது. சிலவற்றுக்கு, கீமோ டாக்டரைக் கேளுங்கள் என்றார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டான்.

"வெச்சிட்டாங்கமா."

"சரிடா. அவங்க பொண்ணு தர மாட்டாங்களாம். மாமா அவங்க பின்னாலயே பேசிக்கினு போயிருக்காரு."

"போவட்டும்."

"டேய்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "திங்கக்கெழம டாக்டர் ரூமுக்குள்ள நான் வரேன். எனக்கும் கேக்க வேண்டியது இருக்குது. மாமாவ வெளிய உக்கார வெச்சிடு."