மூன்றாம் ஓலை

எங்கள் கோயில் சுவரில் பெயர்க்கல் பதிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, அதன் முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்த எனக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். வேறொன்றும் நான் கேட்கவில்லை. கேட்டதைத் தருவதற்கே ஆயிரம் சட்டம் பேசினார்கள்.

பெரிய சண்டைக்குப் போன கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளில் பதினொரு பேர் திரும்பி வரவில்லை. 1921 நவம்பர் பதினோராம் தேதி, சண்டை ஓய்ந்த நினைவு நாளில், அவர்களுடைய கல்லைத் திறக்க ஏற்பாடு. உட்காரும் வாங்குகளில் முதல் இரண்டும் இறந்தவர்களின் வீட்டாருக்கு. பெயர்களை வாசிப்பது, பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம், பிறகு கல்லடியில் வீட்டுக்கு ஒரு மெழுகுதிரி.

பட்டியல் எழுதியவர் கிளெமென்ற் அய்யா. கோயில் பதிவேடுகள் எல்லாம் அவர் கையில்தான். எங்கள் பங்குச் சுவாமி பிரெஞ்சுக்காரர். நம்முடைய பெயர்கள் அவர் வாயில் நொண்டும். அதனால் கல்யாண ஓலை வாசிப்பதும் முப்பது வருடமாகக் கிளெமென்ற் அய்யாதான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பூசை நடுவே எழும்பி நின்று வாசிப்பார். மூன்றும் வாசித்து முடிந்தால்தான் எங்களுக்குள் கல்யாணம்.

“என்ர பேரையும் வீட்டார் பட்டியலில போடுங்கோ அய்யா. ஹியூபேட்டின்ர பக்கத்தில” என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உறவு எண்ட இடத்தில என்னத்தப் பிள்ளை எழுத?”

“நீங்கள்தானே எங்களுக்கு ஓலை வாசிச்சனீங்கள்?”

“ஓம், வாசிச்சனான். இரண்டு. மூண்டும் வாசிச்சிருந்தால் வேற கதை.”

அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்கவேண்டும் போலிருந்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பேர்போன டீச்சர் நான், அப்படிச் செய்யலாமா? குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹியூபேட் மருதானை ரயில் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவர். சனிக்கிழமை பின்னேரங்களில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். என்ன கழுவினாலும் நகத்தடியில் கறுப்பு இருக்கும். “இந்தக் கையாலேயோ எனக்கு மோதிரம் போடப்போறீங்கள்?” என்று பகிடி பண்ணுவேன். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். இப்போது அந்த நகங்களை ஒரு தரம் பார்க்கக் கிடைக்குமென்றால் நான் எதையும் கொடுப்பேன்.

1917இல் சண்டை நடந்த மெசப்பொத்தேமியாவுக்கு, பட்டாளத்து லொறி திருத்த ஆள் கேட்டார்கள். அவர் பெயர் கொடுத்தார். கப்பல் புறப்பட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று சொன்னதால், கல்யாணத்தை முடித்துக்கொண்டே போகலாமென்று ஓலை வாசிக்கத் தொடங்கினோம். முதலாவது வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. அதற்கடுத்த புதன்கிழமை, வெள்ளிக்கிழமையே கப்பல் என்று உத்தரவு வந்தது.

அன்று பின்னேரம் பட்டறை உடுப்போடு ஓடி வந்தார்.

“சுவாமியிட்டக் கேட்டனான். மூண்டாவதை விட்டுக்குடுக்கிறாராம். நாளைக்குக் காலமை கட்டலாம். நீர் என்ன சொல்லுறீர்?”

நான் சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. “அவசரமாக் கட்டினால் ஆக்கள் என்ன கதைப்பினம்? மாதத்தை எண்ணிக்கொண்டிருப்பினம். நீங்கள் வந்தாப் பிறகு மூண்டாவதையும் வாசிப்பிச்சு ஒழுங்காக் கட்டுவம்.”

“சரி, டீச்சரம்மா. உம்மட சட்டப்படியே” என்று சிரித்தார். ஆனால் உடனே போகவில்லை. வாசலில் நின்று, நான் மனசை மாற்றுவேனா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மாற்றவில்லை.

அடுத்த வருடம் ஒக்டோபரில் பஸ்றாவில் காய்ச்சலில் போய்விட்டார். தந்தி அவருடைய தாய் இஞ்ஞாசியம்மாவுக்குத்தான் வந்தது. எனக்கு ஊர் சொல்லித்தான் தெரியும். அழுதுகொண்டு ஓடினேன். இஞ்ஞாசியம்மா என்னைப் படி ஏறவிடவில்லை.

“ஒரு ஓலைக்காக என்ர பிள்ளையத் தனியா அனுப்பினாய். இனி என்னை மாமி எண்டு கூப்பிடாத.”

அவர் சொன்னதில் என்ன பிழை? நான் யாருக்குப் பயந்தேனோ அந்த ஆக்களில் பாதிப்பேர் இன்று என் பெயரையே மறந்துவிட்டார்கள். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை பூசையில் கிளெமென்ற் அய்யா ஓலைக் கொப்பியை விரித்ததும் நான் எழும்பி வெளியே போய் நிற்பேன். மற்றவர்களுடைய மூன்றாம் ஓலையைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

கல் திறந்த அன்று பெண்கள் பக்கம் நாலாவது வாங்கில் இருந்தேன். கொண்டுபோன மெழுகுதிரி கைப்பைக்குள்ளேயே கிடந்தது. இஞ்ஞாசியம்மா முதல் வாங்கின் ஓரத்தில், பக்கத்தில் ஒருவருமில்லாமல் இருந்தார்.

கிளெமென்ற் அய்யா பெயர் வாசிக்க எழும்பினார். மரித்த தேதிப்படி வரிசை, ஹியூபேட் கடைசி. தகப்பன் பெயர், மகன் பெயர், தெரு. ஓலை வாசிக்கும் அதே இராகம். அவருக்கு வேறு இராகம் தெரியாது. எனக்கு எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது, ஆனால் இன்றைக்கு ஓட முடியாதே.

“பவுலுப்பிள்ளை மகன் ஹியூபேட். கோயில் ஒழுங்கை, கொட்டாஞ்சேனை.”

அங்கே நிறுத்தவேண்டியவர் நிறுத்தவில்லை. முப்பது வருடப் பழக்கம் நாக்கை இழுத்துக்கொண்டு போயிற்று.

“இவர்களுக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லக் கடவார்கள்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் மணிக்கூண்டில் பதினொரு மணி அடித்துவிட்டது. இரண்டு நிமிட மௌனம் தொடங்கிவிட்டது. இனி ஒருவரும் பேசக்கூடாது.

கோயில் நிறைந்த சனம், மூச்சுச் சத்தம்கூட இல்லை. என் மூன்றாம் ஓலைக்குத் தடை சொல்லச் சொல்லிக் கேட்டாயிற்று, எல்லோரும் வாய்மூடி நிற்கிறார்கள்.

அப்போது இஞ்ஞாசியம்மா மெல்லத் திரும்பினார். வாங்கு வாங்காகத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். அந்தக் கோயிலில் எனக்குத் தடை சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் அவர்தான். சொல்லட்டும் என்றே நினைத்தேன். நானும் கண்ணை எடுக்கவில்லை. அவர் உதடு ஒரு தரம் அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. மணி மறுபடி அடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

வீட்டார் ஒவ்வொருவராகக் கல்லடிக்குப் போனார்கள். இஞ்ஞாசியம்மாவின் முறை கடைசி. அவர் மெழுகுதிரியைக் கையில் பிடித்தபடி, கல்லைத் தாண்டி, நாலாவது வாங்குக்கே நடந்து வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“மாமிக்குக் கை நடுங்குது” என்றார். “நீ வந்து கொளுத்து, பிள்ளை.”