மொத்த வகுப்புக்கும் ஒரு திரை

1

இந்தக் கதை ஆவடியிலிருந்து வந்த மின்சார ரயிலில் கிடைத்தது. எதிர் இருக்கைப் பெண் தன் தோழியிடம் கல்லூரிக் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டரவாக்கத்தில் இறங்கிப் போய்விட்டாள். அவளுக்குப் பவ்யா என்று பெயர் வைத்தது நான். கேட்டது பாதி, மீதி என் சரக்கு.

2

‘உலகமயமான இன்றைய உயர்கல்விச் சூழலில், ஏழை மாணவி ஒருத்தி…’

(வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது. ‘ஏழை மாணவி’ என்றால் பவ்யாவுக்கும் கோபம் வரும்.)

3

பவ்யா புவியியல் இரண்டாமாண்டு. வீடு மண்ணூர்பேட்டை. இந்தோனேசியாவில் செமராங் என்ற ஊரின் கல்லூரியோடு சேர்ந்து, வாரம் ஒருமுறை இணையவழி வகுப்பு நடக்கப்போகிறது. தலைப்பு, வெள்ளம். பேராசிரியை சுலோசனா ஆங்கிலம் பேசும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர் பார்க்கும் பவ்யா அதில் இல்லை. எழுந்துவிட்டாள்.

“மிஸ், இங்கிலீஷ் வர்றவங்கள மட்டும் இட்டுகினு போனா, வராதவங்க எப்ப மிஸ் கத்துக்கறது?”

“எல்லாரையும் சேர்த்தா அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு என்னம்மா புரியும்?”

“தமிழ்ல சொல்றோம் மிஸ். தெரிஞ்சவங்க மாத்திச் சொல்லட்டும்.”

(இங்கே சுலோசனாவைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவருக்கு இருந்தது பயம்தான், முதல் வகுப்பிலேயே மானம் போய்விடுமோ என்று.)

மறுநாள் பெரிய திரைக்கு ஏற்பாடு செய்து, மொத்த வகுப்பையும் சேர்த்துக்கொண்டார்.

4

முதல் வகுப்பு. திரையில் வுலான் என்ற செமராங் மாணவி கேட்டாள்: “தண்ணீர் வந்தால் முதலில் எதைத் தூக்குவீர்கள்?” ஆங்கிலம் நன்றாக வரும் ராகவன் அதைத் தமிழில் சொன்னான். எல்லோரும் பவ்யாவைப் பார்த்தார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

“கேஸ் அடுப்பத் தூக்கிக் கட்டில் மேல வெப்போம். ஊட்ல மத்ததெல்லாம் அப்பால. பசிக்கும்ல?”

ராகவன் மொழிபெயர்த்தான். வுலான் பக்கத்துப் பெண்ணிடம் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பவ்யாவின் முகம் வாடியது. பிறகு வுலான் இவர்கள் பக்கம் திரும்பினாள். “நாங்கள் அரிசியைத் தூக்குவோம். எங்களுக்கும் முதலில் சோறுதான்.”

அவளுடைய ஆங்கிலமும் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. அதன் பிறகு பவ்யா ராகவனுக்காகக் காத்திருக்கவில்லை.

“ஹௌ மெனி டேஸ் வாட்டர்?” என்று தானே கேட்டாள்.

5

‘மூன்று ஆண்டுகள் கழித்து, செமராங் விமான நிலையத்தில் பவ்யா…’

(அடித்துவிட்டேன். போனால் சந்தோஷம். ஆனால் பறந்தவர்களுக்கு மட்டும்தான் உலகம் என்றால், அவள் எழுந்து நின்று கேட்டதற்கு என்ன மதிப்பு?)

வுலான் விடைபெறும்போது, “அடுத்த வாரம் கேள்வி உங்கள் முறை” என்றாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. ஆளுக்கொரு கேள்வி, எல்லாம் தமிழில், ஒரே இரைச்சல். சுலோசனா சாக்பீசோடு கரும்பலகைப் பக்கம் நிற்கிறார். பவ்யா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள்.

உட்காருங்கள். நீங்கள் என்ன கேட்பீர்கள்?