எடை மேடையில் நின்ற திராட்சை

எங்கள் டிராக்டர் எடை மேடைமேல் ஏறி நின்றபோது உச்சி வெயில். முந்தின நாள் மத்தியானமே ஒயின் ஆலைக்குப் போகும் நெகோட்டினோ சாலையில் வரிசை பிடித்தவர்கள் நாங்கள். டிரெய்லரின் பின்கதவு இடுக்கிலிருந்து கருஞ்சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு லோடு திராட்சைதான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. என் மனைவி வெலிகா பழத்தின் மேல் ஈரத்துணி போட்டு, குளவிகளை விரட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆலையின் எடைக் கணினி எப்போதும் ஊர்ந்துதான் போகும். இந்த அறுவடைக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டிருந்தார்கள். அப்படியும் ஒரு லோடுக்கு எடைச் சீட்டு வருவதற்குள் ஒரு சிகரெட் தீர்ந்துவிடும்.

"க்ருமே, நீ அப்படியே நில்லு," என்று எனக்குப் பின் டிராக்டரில் இருந்த ரிஸ்தோ கத்தினான். "பழம் தானா ஒயினாயிடும். குழாய் வச்சுக் குடிச்சிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

"ஆளாளுக்குக் கத்தினா நான் என்னய்யா பண்ணுவேன்?" என்றாள் ஜன்னலுக்குள் உட்கார்ந்து சீட்டுப் போடும் மென்கா. கணினி வேலை தெரிந்த தன் தம்பிக்குப் போன் போட்டாள். பேசி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "புது டிஸ்க்கு இன்னும் பழைய டிஸ்க்கோட முறையிலதான் ஓடுதாம்ண்ணே. செட்டிங்ல ஒரு இடத்தை மாத்தினா பறக்குமாம்."

"என்னை எடை போட்டுட்டு மாத்தும்மா."

"இப்பவே மாத்து," என்றது வரிசை.

மாற்றினாள். கணினி அணைந்து எழுந்தது. வழக்கமான படம் வரவேண்டிய இடத்தில் நீலத் திரை வந்தது. தானே அணைந்து எழுந்தது. மறுபடியும் நீலம். தம்பி போனை எடுக்கவில்லை.

சீட்டு இல்லாமல் முன்னால் தடுப்புக் கம்பம் உயராது. பின்னால் நகர இடமில்லை.

"கையால எழுதிக் குடு தாயி."

"போன வருஷம் எடையில நடந்த திருட்டுக்கு அப்புறம் கைச்சீட்டு செல்லாதுண்ணே. உங்களுக்குத் தெரியாதா?"

துணிக்கடியில் கை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் உடம்பு போலப் பழம் சுட்டது.

"நுரை கட்டுதுய்யா," என்றாள் வெலிகா. "தண்ணி தெளிக்கவா?"

"தண்ணி கலந்தா அதுக்கே ஆலைக்காரன் தள்ளிடுவான்."

வெயில் சாய்ந்து டிராக்டரின் நிழல் மேடையைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகுதான் தம்பி கூப்பிட்டான். அவன் சொல்வதை மென்கா சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். முதலில் பழைய முறைக்கே வைக்க வேண்டும். கணினி எழுந்ததும், அடுத்த முறை சேஃப் மோடு என்கிற அடிப்படை நிலையில் எழும்படி குறித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். அப்போதுதான் புது முறைக்கு வேண்டியதைக் கணினி தானே எடுத்துக்கொள்ளும்.

"இதை அப்பவே சொல்லக்கூடாதாடா?" என்றாள் மென்கா.

பழைய முறைக்கு வைத்ததும் திரை எழுந்தது. "மத்ததை அப்புறம் பாரு. கும்பிட்டுக் கேக்குறேன்," என்றேன். அவள் என் எண்ணைத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சீட்டு வந்தது. கம்பம் உயர்ந்தது.

தொட்டியடியில் பழத்தின் தரம் பார்ப்பவர் குழாயைச் செருகிச் சாறு எடுத்தார். வாயில் வைத்துத் துப்பினார்.

"புளிச்சிடுச்சு. எடுக்க முடியாது."

"நேத்து மத்தியானமே வந்தேன் ஐயா."

"தெரியும். இது உள்ள விழுந்தா தொட்டி மொத்தமும் கெட்டுடும், க்ருமே. நான் என்ன செய்யட்டும்?"

வெலிகா இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

திருப்பி அனுப்பும் லோடையும் எடை போட்டுத்தான் வெளியே விட வேண்டும். சுற்றிக்கொண்டு மறுபடி மேடைக்கு வந்தபோது, ரிஸ்தோவும் அவனுக்குப் பின்னால் நின்ற பலரும் உள்ளே போயிருந்தார்கள். தம்பி சொன்ன வரிசைப்படி மென்கா எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தாள். என் எண்ணைத் தட்டி விரலை எடுப்பதற்குள் சீட்டு வெளியே வந்து விழுந்தது. சாறு சொட்டியதில், உள்ளே போனபோது இருந்ததைவிட எடை குறைவு.

"இப்ப நல்லா ஓடுதுண்ணே," என்றாள், சீட்டைப் பார்த்தபடி.

"நல்லதும்மா."

எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.