எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது

எதற்கெடுத்தாலும் "நாள் ஆகட்டும்" என்பார் என் கணவர். அது தொழில் கொடுத்த வியாதி. கட்டடங்களுக்கு ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்துக் கட்டிகளாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, நாள் நிறைந்ததும் எந்திரத்தில் நசுக்கிப் பார்க்கிற சோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். இப்போது அதைத் தூக்கி அதே தொட்டியில் போட்டுவிடலாமா என்றிருக்கிறது.

எங்கள் மகள் ஒரு மாதத்துக்கும் மேல் முந்திப் பிறந்துவிட்டாள். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு நாள் வந்ததும், "இப்ப வேணாம்" என்றார்.

"ஏனாம்?"

"மாசம் நிறையாம பொறந்தவ. பொறக்க வேண்டிய தேதிலேர்ந்துதான் எண்ணணும். அப்படிப் பாத்தா இவளுக்கு இன்னும் ஒரு மாசம்கூட ஆகல."

"பொறந்த தேதியத்தான் பாக்கணும், முந்திப் பொறந்த பிள்ளைக்குத் தள்ளிப்போடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

"அவருக்கு ஆயிரம் பிள்ளை. நமக்கு ஒண்ணு. நாள் ஆகாத கட்டிய எந்திரத்துல வச்சா என்ன ஆகும் தெரியுமா? பொலபொலன்னு உதிர்ந்துடும்."

"நான் பெத்தது பிள்ளை, கட்டி இல்ல!"

பிள்ளை தூங்கும் வீட்டில் சண்டையைக்கூடக் கிசுகிசுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. கத்த வேண்டியதை அடித்தொண்டையில் சொல்லிப் பாருங்கள், பாதிக் கோபம் உள்ளேயே தங்கிவிடும். அவர் எழுந்துபோய்ப் பால் பாட்டிலைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். ஏற்கெனவே கழுவின பாட்டில்.

எனக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தில். ஒருமுறை நீட்டிய விடுப்பும் முடிந்து, திங்கட்கிழமை போயாக வேண்டும். மகளும் என்னோடு வர வேண்டியவள்தான். அந்த நேரம் பார்த்து அங்கே சமைக்கிற அக்கா போன் செய்தார். நடை பழகும் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கக்குவான் இருமலாம். இருமி இருமி முகம் நீலமாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

"உன் பிள்ளைக்கு ஊசி போட்டாச்சுல்ல?" என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் பிள்ளை பார்க்கிறவள், தன் பிள்ளைக்கு ஊசி போடவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் அந்த இருமலை நானே சுமந்துகொண்டு வரலாம். ஒரே ஊசியில் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் தெரியும். ஆனால் முதல் ஊசி போட்டால்தானே அடுத்தது?

போன் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "சரி, நாளைக்குப் போகலாம்" என்றார். மறுநாள் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறதாம். லேசான சளிக்கெல்லாம் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் போனிலேயே சொன்னார். அதற்கடுத்த நாள் எடை போதாதாம். அதற்கும் கேட்டேன், போதும் என்றார்கள். கடைசியில் மழை வரும்போலிருக்கிறது என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரிடம் எத்தனை காலைத்தான் எண்ணிக் காட்டுவது?

வெள்ளிக்கிழமை பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். "நான் போறேன். வர்றதுன்னா வாங்க, இல்லேன்னா உங்க கட்டியப் பாக்கப் போங்க." செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மருத்துவமனையில் எங்கள் முறை வந்தது. நர்ஸ் கூப்பிட்டதும் நான் எழுந்தேன், இவர் எழவில்லை. "நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

வாரக்கணக்கில் அடக்கி வைத்த தொண்டை அங்கேதான் திறந்தது. வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படி என்னதான் பயம் உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

"நீ பாக்கல" என்றார்.

"எதை?"

"ஆபரேஷன் முடிஞ்சு நீ கண்ணு முழிக்காம கெடந்த. இவ கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தா. நான்தான் போய்ப் போய் நின்னேன். நரம்பு கிடைக்கலன்னு கை, கால், தலைன்னு மாத்தி மாத்திக் குத்துவாங்க. இவ வாயத் தொறப்பா, சத்தமே வராது. அழக்கூடத் தெம்பில்ல."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தேதி, கட்டி, எந்திரம், மழை என்று என் உயிரை எடுத்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாரே!

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீயே எழுந்து உக்கார முடியாம இருந்த. உன்கிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம், நாளாயிடுச்சு."

"மிச்சச் சண்டைய வீட்டுல வச்சுக்குங்க" என்றார் நர்ஸ். "ரெண்டு ஊசி, தொடைக்கு ஒண்ணு. மடியில வச்சுப் பிடிங்கம்மா."

அவர் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். நர்ஸ் தொடையைத் துடைத்தார், ஊசி இறங்கியது. மகளின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வந்தது பாருங்கள் ஒரு வீறல்! வெளியே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் விழித்துக்கொண்டு கூடவே அழ ஆரம்பித்தன. "அம்மாடி, என்னா தொண்டை!" என்றார் நர்ஸ்.

"கத்துறா" என்றார் அவர். கண்ணில் நீர் ஓடியது, வாய் சிரித்தது. "என்னமா கத்துறா பாரு."

"இன்னொண்ணு இருக்கு. அந்தக் கால யாராவது பிடிங்க."

அவர் வந்து தரையில் மண்டிபோட்டு அந்தச் சின்னக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பாக்காத" என்றார் என்னிடம். "அந்தப் பக்கம் திரும்பிக்க."

நான் திரும்பவில்லை.